அரவு ஓடும் சாலையில் ஏழு நாள்கள்

இங்கிலாந்து எல்லையைத் தாண்டி வேல்ஸுக்குள் நுழைந்த சற்று நேரத்தில், "ரோட்டில் என்னவோ எழுதியிருக்கிறார்களே, அது என்ன?" என்று பின் இருக்கையிலிருந்து அம்மா கேட்டார். குன்றை ஒட்டிய ஒரு வளைவுக்கு முன்னால் தார்ச்சாலையின் மேலேயே வெள்ளைப் பெயிண்டில் ஆளுயரத்துக்கு நான்கு எழுத்துகள்: ஏ, ஆர், ஏ, எஃப். வெல்ஷ் மொழியில் ஒற்றை 'எஃப்' எழுத்துக்கு 'வ்' ஒலி, ஆகவே அதை 'அரவ்' என்று வாசிக்க வேண்டும், மெதுவாகப் போ என்று அர்த்தம் என்றேன். அடுத்த வளைவு வரை அம்மா பேசவில்லை. பிறகு, "அரவு என்றால் பாம்பு. சாலையைப் பார், சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்" என்றார். கைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து அந்தச் சொல்லைக் குறித்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க அந்த நோட்டு அவர் மடியிலேயே இருந்தது.

அம்மா கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவர். 67 வயது. வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம். கோவென்ட்ரியில் எங்கள் வீட்டில் சில மாதம் தங்க வந்திருந்தார். ஜூன் மாதத்தில் அவரை அழைத்துக்கொண்டு நானும் கணவரும் ஒரு வாரம் வேல்ஸைச் சுற்றி வந்தோம். வயதான பெற்றோருடன் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், சரியாக அமைந்ததையும் பிசகியதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் தங்குமிடம். வரைபடத்தில் வேல்ஸ் சிறிய நாடு. தினம் ஓர் ஊராக ஏழு ஊரைப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் திட்டம் போட்டேன். தினமும் பெட்டி கட்டி, தினமும் புதுக் கட்டிலில் படுத்தால் மூன்றாம் நாளே அத்தைக்கு முழங்கால் வீங்கிவிடும் என்று கணவர் அதைக் கிழித்துப் போட்டார். கடைசியில் இரண்டே வீடுகள் என்று முடிவு செய்தோம். வடக்கே லான்பெரிஸ் அருகே நான்கு இரவுகள், தென்மேற்கே செயின்ட் டேவிட்ஸ் அருகே மூன்று இரவுகள். விடுமுறை வீடுகளில் பலவற்றை வாரம் முழுவதற்கும் தருவார்கள், அல்லது திங்கள் முதல் வெள்ளி, வெள்ளி முதல் திங்கள் என்று பிரித்துத் தருவார்கள். நாங்கள் திங்கள்கிழமை கிளம்பியதால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. கூட்டம் குவியும் சனி, ஞாயிறில் மலைப்பக்கம் இருக்க வேண்டியதும் இல்லாமல் போயிற்று. பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு ஜூன் நல்ல மாதம். இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கிறது.

திங்கள்கிழமை வழியில் பார்த்த இடம் போவிஸ் கோட்டை. செந்நிறக் கல்லில் கட்டிய பெரிய மாளிகை. அதன் கீழே மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் தோட்டம். நூற்றாண்டுகள் கண்ட யூ மரங்களை மேகக்கூட்டம் போலக் கத்தரித்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனது தோட்டத்துக்காக அல்ல. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் இந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தவர். 1798 முதல் 1803 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததற்குப் பிறகு திப்பு சுல்தானின் உடைமைகள் சில இங்கே வந்து சேர்ந்தன. மங்கலான வெளிச்சத்தில் திப்புவின் கூடாரம் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைப் பருத்தித் துணியில் பூச்சாடிகளும் கொடிகளுமாக அச்சிட்டுச் சாயம் ஏற்றிய வேலை. எத்தனையோ பேர் கைபட்ட துணி. இந்த வீட்டுக்காரர்கள் ஒரு காலத்தில் அதைத் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகக் கட்டியிருக்கிறார்கள். அருகே திப்புவின் சிம்மாசனத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொற்புலித் தலை, கல் பதித்த கண்களோடு.

அம்மா கூடாரத்தைப் பார்த்துக்கொண்டே, "எந்த ஆண்டு என்றாய்?" என்று கேட்டார். "1798 முதல் 1803 வரை ஆளுநர்" என்றேன். "அப்படியென்றால் கயத்தாறும் இவர் காலம்தானே" என்றார். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. அம்மா திருநெல்வேலிக்குப் போகும்போதெல்லாம் பஸ் அந்தச் சிலையைக் கடந்துதான் போகும். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட 1801-லும் இதே கிளைவ்தான் ஆளுநர். பாஞ்சாலங்குறிச்சிப் பொருள் ஏதாவது இருக்குமோ என்று அம்மா ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் குறிப்பையும் என்னைப் படிக்கச் சொன்னார். நாங்கள் பார்த்தவரை ஒன்றும் இல்லை. கோட்டையையே இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள், என்ன மிஞ்சியிருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார். வெளியே வந்து தோட்டத்துப் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். முன்னால் பச்சைப் பள்ளத்தாக்கு கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்தது. அழகான இடம்தான். ஆனால் எனக்கு அன்று அது வெறும் அழகாகத் தெரியவில்லை.

அன்றைய பட்டியலில் லங்கோலன் அருகே தாமஸ் டெல்ஃபோர்ட் கட்டிய பொன்ட்கசல்த்தே கால்வாய்ப் பாலமும் இருந்தது. 1805-இல் திறந்தது, ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில் இரும்புத் தொட்டியில் படகு மிதந்து போகும் அதிசயம். நேரம் போய்விட்டதால் விட்டுவிட்டோம். பெரிய இடம் ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்ற கணக்கை அன்றே வைத்துக்கொண்டோம். அதன் பிறகு நேரம் போதாமல் எதையும் விட வேண்டி வரவில்லை.

சாலைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் இங்கிலாந்தில் மணிக்கு 30 மைல் என்றால், வேல்ஸில் 2023 செப்டம்பரிலிருந்து பெரும்பாலான குடியிருப்புச் சாலைகளில் 20 மைல்தான். பலகை இல்லையே என்று வேகமாகப் போய்விடாதீர்கள். பெரிய சாலையை விட்டு இறங்கினால் இரு பக்கமும் கற்சுவர், நடுவில் ஒரு வண்டி போகும் அகலம், அங்கங்கே ஒதுங்க ஒரு மடிப்பு. முதல் நாள் மாலை வழிகாட்டிச் செயலி எங்களைக் குறுக்குவழி என்று அப்படி ஒரு சந்துக்குள் இழுத்துவிட்டது. எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர். கணவருக்குப் பின்னோக்கி ஓட்டுவதென்றாலே நடுக்கம். டிராக்டர்க்காரர் இறங்கி வந்தார், கோபப்படவில்லை. கண்ணாடியைப் பார்க்க வேண்டாம், என் கையைப் பாருங்கள் என்று சொல்லி, எங்களுக்குப் பின்னால் நின்று கைகாட்டியபடியே இருநூறு அடி நடந்து எங்களை ஒதுக்கி நிறுத்தினார். மறுநாளிலிருந்து செயலி எத்தனை நிமிடம் மிச்சம் என்று காட்டினாலும் எண்ணுள்ள பெரிய சாலைகளை விட்டு நாங்கள் இறங்கவில்லை. மலைகளுக்கு நடுவில் கைப்பேசிச் சிக்னல் போய்விடும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கார்னார்வன் நகரில் ஒரு ரொட்டிக்கடையில்தான் எங்கள் பயணம் உண்மையில் தொடங்கியது என்று நினைக்கிறேன். கடையில் இருந்த எல்லோரும் வெல்ஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். பள்ளிச் சீருடையில் ஒரு சிறுவன் ஏதோ கேட்டான், கல்லாவில் இருந்த அம்மையார் ஏதோ கேலியாகப் பதில் சொன்னார், அவன் சிரித்துக்கொண்டே போனான். எங்களைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறினார். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்க, 'லான்பெரிஸ்' என்றேன். அந்த முதல் எழுத்து 'ல' இல்லை என்று சிரித்தார். இரண்டு 'எல்' சேர்ந்து வந்தால் அது தனி எழுத்து. நாக்கை 'ல்' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல், நாக்கின் ஓரத்தால் காற்றை ஊத வேண்டும். நான் ஊதினேன், எச்சில்தான் வந்தது. கணவருக்கு 'ஹ்ல' என்று வந்தது. அம்மா ஒரு முறை அவர் வாயையே கூர்ந்து பார்த்தார். இரண்டாம் முறையிலேயே சரியாகச் சொல்லிவிட்டார். கடைக்கார அம்மையார் கைதட்டினார்.

"இப்போது நீ சொல்லு, எங்கள் மொழியிலும் ஓர் எழுத்து இருக்கிறது, வெளியார் யாருக்கும் வராது" என்று அம்மா சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். நுனிநாக்கை மேலே வளைத்து, அண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் வருட வேண்டும் என்று அம்மா வாயைத் திறந்தே காட்டினார். 'தமிழ்' என்ற சொல்லை அந்த அம்மையார் நான்கு முறை முயன்றார். நான்காம் முறை கிட்டத்தட்ட வந்துவிட்டது. பின்னால் வரிசையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஐந்து லட்சத்துச் சொச்சம் பேர் பேசும் மொழி, 2021 கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் 17.8 விழுக்காடு. உலகத்தின் மிகப் பெரிய மொழியின் வாசலில் உட்கார்ந்துகொண்டு, அதைக் கடையிலும் பள்ளியிலும் கேலிப்பேச்சிலும் வைத்திருக்கிறார்கள். இருநூறு கோட்டைகளைப் பார்ப்பதைவிட இதைப் பார்ப்பது பெரிது. 'போரே தா' என்றால் காலை வணக்கம், 'தியோல்க்' என்றால் நன்றி. இந்த இரண்டையும் சொன்னால் முகம் மலர்வதைப் பாருங்கள்.

அதே ஊரில் கடலோரமாக நிற்கிறது இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் கோட்டை. வேல்ஸின் கடைசி சுதேச இளவரசர் லுவெலின் 1282 டிசம்பரில் கொல்லப்பட்டார், மறு ஆண்டே இதைக் கட்டத் தொடங்கினார்கள். பல கோண வடிவக் கோபுரங்கள், சுவர் நெடுக வேறு நிறக் கல்லில் பட்டை பட்டையாகக் கோடுகள். உள்ளூர் மக்களை மிரட்டி வைப்பதற்காகவே கட்டியது என்பது பார்த்தாலே தெரியும். சுழற்படிகள் அம்மாவுக்கு ஆகாது என்று தயங்கினோம். ஆனால் முதன்மை வாயிலின் மேல்தளத்துக்கு 2023-இல் லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். அம்மா மேலே நின்று ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் நாளை போக வேண்டிய மலையையும் பார்த்தார். கார்னார்வன், கான்வி, பியூமாரிஸ், ஹார்லெக் நான்கும் சேர்ந்து 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. அவற்றைப் பராமரிக்கும் அரசு அமைப்பின் பெயர் 'காடூ'. 'காத்தல்' என்று பொருள் என்று சொன்னதும் அம்மா நோட்டை எடுத்தார். தற்செயலான ஒற்றுமைதான் என்று அவருக்கும் தெரியும். எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை மலை. உலகம் ஸ்நோடன் என்று சொல்லும் சிகரம், 1,085 மீட்டர். அதன் சொந்தப் பெயர் 'அர் வித்வா'. 2022-இலிருந்து தேசியப் பூங்கா நிர்வாகமும் அந்தப் பெயரைத்தான் முதன்மையாகப் பயன்படுத்துகிறது. மன்னர்களின் தாடிகளைக் கொய்து அங்கி தைத்துக்கொண்ட ஓர் அரக்கனைப் பழங்கதை மன்னர் ஆர்தர் கொன்று புதைத்த சமாதி மேடு என்பது கதை.

லான்பெரிஸிலிருந்து உச்சிக்கு 1896 முதல் பற்சக்கர ரயில் ஓடுகிறது. அம்மாவும் கணவரும் ரயிலில், நான் நடந்து, உச்சியில் சந்திப்பது என்று ஏற்பாடு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ரயில் மேலே போக ஒரு மணி நேரம், உச்சியில் அரை மணி, இறங்க ஒரு மணி. இறங்கும்போதும் அதே ரயில்தான். ஆகவே சந்திக்கக் கிடைப்பது அந்த அரை மணி மட்டும். டிக்கெட்டைப் பல வாரம் முன்பே எடுக்க வேண்டும், ஆனால் வானிலை எப்படியிருக்கும் என்பது இரண்டு நாள் முன்னால்தான் தெரியும். காற்று பலமாக இருந்தால் ரயில் பாதியிலேயே திரும்பிவிடும். இதை மனத்தில் ஏற்றுக்கொண்டுதான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினேன். லான்பெரிஸ் பாதை இருப்பவற்றிலேயே நீளமானது, சரிவு குறைந்தது. ஒரு வழிக்கு ஏழு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பென்-அ-பாஸிலிருந்து ஏறும் பாதைகள் குறுகியவை, அழகானவை, ஆனால் கல் மேல் கால் வைத்து ஏற வேண்டும், வண்டி நிறுத்த முன்பதிவும் வேண்டும். அடிவாரத்தில் வெயில். பாதி வழியில் மேகத்துக்குள் போய்விட்டேன். பத்தடிக்கு முன்னால் போகிறவரின் முதுகுப்பை மட்டும் தெரிந்தது. உச்சிக்கு அரை மணி முன்னால் காற்று ஆளைத் தள்ளியது. கீழே அரைக்கைச் சட்டையோடு இருந்தவள் கம்பளித் தொப்பி, கையுறை, மழைச்சட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஜூன் மாதம்தானே என்று பருத்திச் சட்டையோடு வந்த இரண்டு பேர் பாறை ஒதுக்கில் நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். மலைக்கென்று தனியாக வெளியிடும் வானிலை அறிக்கையைப் பாருங்கள். ஊர் அறிக்கை உதவாது. இங்கே பக்கத்து முகடான க்ரிப் கோக்கில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது.

ரயில் புகைமூட்டத்துக்குள்ளிருந்து வருவது போல மேகத்துக்குள்ளிருந்து வந்து நின்றது. அம்மா என் கணவரின் பெரிய கோட்டுக்குள் இறங்கினார். நிலையத்திலிருந்து உச்சிக் கல் வரை சில படிகள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு இங்கேயே நிற்பதா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினார். மேலே எங்கும் வெள்ளை. ஒன்றுமே தெரியவில்லை. ரயிலுக்கு இன்னும் பத்து நிமிடம். அப்போது ஒரு பக்கம் மட்டும் திரை விலகுவது போல விலகியது. நேர் கீழே செம்புத் தாது கலந்த பச்சை நிறத்தில் ஓர் ஏரி, அதற்குக் கீழே இன்னோர் ஏரி, ஏரிக்கரையில் எறும்பு வரிசையாக ஆட்கள். ஒரு நிமிடம் இருக்கும். மூடிக்கொண்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, என் கையை மட்டும் விடவில்லை. ரயில் ஊதியது.

மறுநாள் மழை. மழைக்கென்று ஒரு திட்டத்தை ஒதுக்கி வைத்திருந்தது நல்லதாயிற்று. பிளைனை ஃபெஸ்டினியாக்கில் சிலேட்டுச் சுரங்கம் பார்க்கப் போனோம். ஊரைச் சுற்றி நொறுங்கிய சிலேட்டுக் கல் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது, மழையில் கருநீலமாக மின்னுகிறது. இந்த வட்டாரச் சிலேட்டு நிலப்பரப்பு 2021-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஒரு தொழிலாளி கல்லைப் பிளந்து காட்டினார். பெரிய புத்தகம் கனத்துக் கல் ஒன்றை முழங்காலில் சாய்த்து, அகல உளியை விளிம்பின் நடுவில் வைத்து, மரச்சுத்தியால் மெல்லத் தட்டினார். ஓங்கி அடிக்கவே இல்லை. கல்லுக்குள் ஏதோ விட்டுப்போகும் சத்தம் கேட்டது. உளியைச் சற்றுத் திருப்பினார், கல் இரண்டு ஏடாகப் பிரிந்தது. அதில் ஒன்றை மறுபடி இரண்டாக. அப்படியே பனை ஓலைச் சுவடி பிரிவது போலப் பிரிந்துகொண்டே வந்தது. ஓர் ஏட்டை அம்மா கையில் கொடுத்தார். அம்மா நகத்தால் தட்டிப் பார்த்தார், கணீர் என்றது. "ஒன்றாம் வகுப்பில் என் கையில் இருந்த சிலேட்டுக்கும் இதே சத்தம்தான்" என்றார்.

கூரைக்கான சிலேட்டு அளவுகளுக்குச் சீமாட்டிகளின் பட்டப் பெயர்கள் வைத்திருந்தார்கள். பிளந்தவர்களோ தூசியால் நுரையீரல் கெட்டுச் செத்தார்கள். பெத்தெஸ்டா ஊரில் பென்ரின் குவாரித் தொழிலாளர்கள் 1900 முதல் 1903 வரை மூன்று ஆண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 'இந்த வீட்டில் துரோகி இல்லை' என்று வெல்ஷில் அச்சிட்ட அட்டையை வீட்டுச் சன்னலில் மாட்டி வைத்தார்கள். சில வீடுகளில் அட்டை ஒரு நாள் காணாமல் போகும், பசி. அந்தக் குவாரி முதலாளிக் குடும்பத்தின் பழைய செல்வம் ஜமைக்காவில் அடிமைகளை வைத்து நடத்திய கரும்புத் தோட்டத்திலிருந்து வந்தது. பாங்கர் அருகே அவர்கள் கட்டிய மாளிகை இன்றும் பார்வைக்குத் திறந்திருக்கிறது. நாங்கள் போகவில்லை. ஒரு வாரத்துக்கு ஒரு போவிஸ் போதும் என்று அம்மா சொல்லிவிட்டார்.

மழை விட்ட மாலையில் பெத்கெலெர்ட் கிராமம். ஆற்றோரப் புல்வெளியில், மரத்தடியில், ஒரு நாயின் கல்லறை. இளவரசர் லுவெலின் (முன்பு சொன்னவரின் தாத்தா, அவருக்கும் அதே பெயர்) வேட்டைக்குப் போய்த் திரும்பும்போது வாயெல்லாம் ரத்தத்தோடு கெலெர்ட் என்ற நாய் ஓடி வருகிறது. தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. குழந்தையைக் கொன்றுவிட்டது என்று வாளால் வெட்டிவிடுகிறார். பிறகுதான் குழந்தையின் அழுகை கேட்கிறது, பக்கத்தில் செத்துக் கிடக்கும் ஓநாய் தெரிகிறது. நான் கதையைப் பாதி சொல்லும்போதே அம்மா, "இது நம் கீரிப்பிள்ளை அல்லவா!" என்றார். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையில் வருகிறது. கீரியைக் கொன்ற பார்ப்பனப் பெண்ணைக் கணவன் விட்டுப் போக, அவள் துயரத்தைக் கோவலன் பொருள் கொடுத்துத் தீர்த்து வைத்த கதை. அது எந்த வழியாக இந்த மலைக்கு வந்து ஓநாயும் நாயுமாக மாறியதோ! கல்லறையே பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உள்ளூர் விடுதிக்காரர் ஆள் வரவழைக்க வைத்தது என்கிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அம்மாவின் முகம் வாடவில்லை. "கதைக்குக் கல் நடுவது நமக்குப் புதிதா?" என்றார். ஒரு சிறு வெள்ளைப் பூவைப் பறித்துக் கல்லின் மேல் வைத்தார்.

வெள்ளிக்கிழமை தெற்கே பயணம். சுமார் 240 கிலோமீட்டர்தான், சக்கரம் உருண்ட நேரம் மட்டும் ஐந்து மணி. வடக்கையும் தெற்கையும் இணைக்கும் விரைவுச்சாலை வேல்ஸில் இல்லை. இதைக் கணக்கில் எடுக்காமல் அன்றைக்கு வேறு திட்டம் வைக்காதீர்கள். ஹார்லெக்கில் இறங்கிக் கோட்டையைப் பார்த்தோம். ஒரு காலத்தில் கடல் அதன் பாறை அடி வரை இருந்தது, முற்றுகையின்போது படகில் உணவு வந்திறங்கியது. இன்று கடல் விலகிப் போய் நடுவில் மணல்மேடும் வீடுகளும்.

அபெரிஸ்ட்வித்துக்குத் தெற்கே லான்ரிஸ்டிட் அருகே சாலையோரம் ஓர் இடிந்த வீட்டுச் சுவர். சிவப்பு வண்ணத்தின் மேல் வெள்ளையில் இரண்டே சொற்கள்: 'ட்ரவெரினை மறவாதீர்'. லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டு போக ட்ரவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்டி, கப்பெல் கெலின் என்ற வெல்ஷ் பேசும் கிராமத்தை 1965-இல் மூழ்கடித்தார்கள். பள்ளி, தொழுகைக்கூடம், தபால் நிலையம், இடுகாடு எல்லாம் நீருக்கடியில். அதை எதிர்த்து 1960களில் எழுத்தாளர் மைக் ஸ்டீவன்ஸ் எழுதிய சுவர் இது. இடித்தால் மீண்டும் கட்டி எழுதுகிறார்கள். முதலில் எழுதியபோது ஓர் இலக்கணப் பிழை இருந்ததாம். முன்னால் வினைச்சொல் வந்தால் அடுத்த சொல்லின் முதல் ஒலி மெலிய வேண்டும், 'டீ'யில் வரும் ட 'டில்லி'யில் வரும் ட ஆக வேண்டும். பிற்பாடு திருத்தினார்கள். "புணர்ச்சி விதி!" என்று அம்மா வண்டிக்குள்ளேயே எழுந்திருக்கப் பார்த்தார். வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்த முடிந்த இடத்தில் நிறுத்தி, பிறகு நடந்து போய்ப் பாருங்கள். அந்தச் சாலையில் வண்டிகள் வேகமாக வரும்.

செயின்ட் டேவிட்ஸ் பிரிட்டனிலேயே மக்கள்தொகையில் மிகச் சிறிய நகரம். இரண்டாயிரம் பேர்கூட இல்லை. பேராலயம் பள்ளத்துக்குள் இருப்பதால் பக்கத்தில் போகும் வரை கோபுரம் கண்ணில் படாது. உள்ளே தரை மேற்கிலிருந்து கிழக்காகச் சரிந்து ஏறுகிறது, தூண்கள் சற்று வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. இங்கே இரண்டு முறை யாத்திரை வந்தால் ரோமுக்கு ஒரு முறை போன புண்ணியம் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் போப்பாண்டவர் அறிவித்திருந்தார். அம்மாவுக்கு அந்தக் கணக்கை விளக்கவே தேவையில்லாமல் போயிற்று.

பெம்புரோக்‌ஷயர் கடலோரப் பாதை 299 கிலோமீட்டர். நாங்கள் நடந்தது மொத்தமே ஆறு கிலோமீட்டர் இருக்கும். பாறை விளிம்பில் இளஞ்சிவப்புக் கடற்பூக்கள், கீழே அலை. முழுதும் நடக்க முடியாதவர்களுக்குக் கடலோரப் பேருந்துகள் இருக்கின்றன. ஒரு வழி நடந்து, மறுவழி பஸ்ஸில் திரும்பலாம். சோல்வா துறைக்குக் காலையில் போனபோது படகெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடந்தன. மாலையில் போனால் அதே படகுகள் நிறைந்த நீரில் ஆடுகின்றன. கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை இருக்குமா இருக்காதா என்பதே அதைப் பொறுத்துதான். ஸ்கோமர் தீவுக்குப் படகு டிக்கெட் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பஃபின் பறவைகள் ஏப்ரலிலிருந்து ஜூலை வரைதான் இருக்கும், தினம் இத்தனை பேர் என்று அளவு உண்டு, ஜூனில் போய்க் கேட்டால் எப்படிக் கிடைக்கும்? ஆண்டுத் தொடக்கத்திலேயே பதிவு செய்துவிடுங்கள்.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். அம்மா சைவம். அரிசி, பருப்பு, புளி, சின்னக் குக்கர் எல்லாம் வண்டியில் இருந்தன, இரண்டு வீட்டிலும் அடுப்பு இருந்தது. சிற்றூர்களில் உணவகங்கள் இரவு எட்டு மணிக்கே சமையலை நிறுத்திவிடுகின்றன. வெளியில் கேட்டு வாங்கக்கூடியது கிளமார்கன் சாசேஜ். பெயர் அப்படி இருந்தாலும் இறைச்சி கிடையாது, முக்கியமாகப் பாலாடைக்கட்டியும் லீக் கீரையும் ரொட்டித்தூளும், முட்டையும் சேர்ப்பதுண்டு. திராட்சை போட்ட வெல்ஷ் கேக்கை நம் தோசைக்கல் போன்ற கல்லில் சுடுகிறார்கள். அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. பழைய முறையில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதுண்டு, ஆகவே வெண்ணெயில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

திரும்பும் வழியில் பிளைனாவனில் பிக் பிட் நிலக்கரிச் சுரங்கம். 1980-இல் மூடப்பட்டு, பிறகு அருங்காட்சியகம் ஆனது. இரும்புக் கூண்டில் 90 மீட்டர் கீழே இறக்குகிறார்கள். இடுப்பில் மின்கலமும் அவசர மூச்சுக் கருவியும், தலையில் விளக்கு. குனிந்து நடக்க வேண்டிய இடங்கள் உண்டு. அம்மா மேலேயே இருந்துகொண்டார், தொழிலாளர்கள் குளிக்கும் கூடத்தில் காட்சிகள் இருக்கின்றன, உட்கார இடமும் இருக்கிறது. கைப்பேசி, கைக்கடிகாரம், மின்கலம் உள்ள எதையும் கீழே கொண்டு போக விடுவதில்லை, தீப்பொறி வந்தால் வாயு பற்றிக்கொள்ளும். எங்களை அழைத்துப் போனவர் அதே தொழிலில் இருந்தவர். ஓரிடத்தில் எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொன்னார். கையை மூக்கின் முன்னால் வைத்துப் பார்த்தேன், கை இல்லை. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். 1842-இல் சட்டம் வரும் வரை ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் இந்த இருட்டில் காற்றுக் கதவைத் திறந்து மூடிக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள் என்று அந்த இருட்டிலேயே சொன்னார். யாரும் இருமக்கூட இல்லை.

அதற்கப்பால் குதிரை லாயம். வண்டி இழுத்த குதிரைகள் நிலத்தடியிலேயே வாழ்ந்தன. ஒவ்வொரு கட்டுத்துறைக்கும் மேலே அந்தக் குதிரையின் பெயர்.

மேலே வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லாயத்தைப் பற்றிச் சொன்னதும், "என்னென்ன பெயர்கள்?" என்று கேட்டார். கைப்பேசி கையில் இல்லாததால் படம் எடுக்கவில்லை. ஞாபகத்தில் இருந்த நான்கை நான் சொன்னேன், ஐந்தாவதைக் கணவர் சொன்னார். அம்மா நோட்டைத் திறந்து, 'அரவ்' என்பதில் தொடங்கி நிறைந்திருந்த பக்கங்களைத் தள்ளி, கடைசிப் பக்கத்தில் அந்த ஐந்து பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்.